ஹெர்னியா ஆபரேஷன் முறைகளை உங்க அன்றாட வாழ்க்கையை வெச்சு ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

எனக்கு இடது பக்கம் ஓப்பன் சர்ஜரி, ஆறு வருஷம் கழிச்சு வலது பக்கம் வந்தப்போ லேப்ராஸ்கோப்பி, ஆக ரெண்டுமே என் உடம்புலயே நடந்திருக்கு. அதனால தெரிஞ்சவங்க யாருக்கு குடலிறக்கம்னு டாக்டர் சொன்னாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், "எது நல்லது, திறந்து பண்றதா, ஓட்டை போட்டு பண்றதா"ன்னு. நான் உடனே பதில் சொல்றதில்ல. முதல் தடவை நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன், கூடவே "திரும்ப வருமா டாக்டர்"னு ஒண்ணு, அவரும் வாய்ப்பு ரொம்ப கம்மின்னு சொன்னார், அது உண்மைதான், இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம் திரும்ப வரல. ஆனா ஆபரேஷன் முடிஞ்சு ஏழு மாசம் வரைக்கும் பேண்ட் பட்டி தழும்பு மேல உரசுனா சுருக்குன்னு ஒரு எரிச்சல், குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினா உள்ள கெட்டி அட்டையை மடிச்சு வெச்ச மாதிரி ஒரு இறுக்கம். ஹெர்னியா திரும்ப வரலைங்கறதால அது வெற்றிகரமான ஆபரேஷன்தான், ஆனா ஷூ லேஸ் கட்டறப்போ நான் பட்ட பாடு அந்தக் கணக்குல எங்கயும் வராது.

அதனால ரெண்டாவது தடவை கேள்வியையே மாத்திக்கிட்டேன். எந்த முறை நல்லதுன்னு கேக்காம, என்னோட நாள் எப்படி போகுது, இந்த முறை அதுல எதைக் குடுக்கும் எதை எடுக்கும்னு பாத்தேன். அதை எப்படி பண்றதுன்னுதான் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, முடிவு உங்க சர்ஜனோட உக்காந்து எடுக்கறதுதான், ஆனா அந்த அஞ்சு நிமிஷம் அவர் முன்னாடி உக்காரும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போனா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

முதல்ல உங்களுக்கு வந்திருக்கறது எந்த ஹெர்னியான்னு தெளிவா தெரிஞ்சுக்கோங்க

ஹெர்னியான்னா வயித்துச் சுவர்ல ஒரு இடம் பலவீனமாகி, உள்ள இருக்கற கொழுப்போ குடலோ அந்த ஓட்டை வழியா வெளிய தள்றது. தொடையிடுக்குல வர்றது, தொப்புள்ல வர்றது, பழைய ஆபரேஷன் தழும்புல வர்றது, இது மூணும் பேர்ல ஒண்ணு, ஆனா ஆபரேஷனும் குணமாகற விதமும் வேற வேற. ஒருத்தரோட தொப்புள் ஹெர்னியா அனுபவத்தை வெச்சு உங்க தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு முடிவு எடுக்கக் கூடாது. ரொம்ப சகஜமா வர்றது தொடையிடுக்குலதான், ஆம்பளைங்கள்ல வாழ்நாள்ல நாலுல ஒருத்தருக்கு மேல வரும்னு கணக்கு சொல்றாங்க, 27 சதவீதம், பொம்பளைங்கள்ல 3 சதவீதம். உலகம் பூரா வருஷத்துக்கு 2 கோடிக்கு மேல இந்த ஆபரேஷன் நடக்குது.

பெண்கள் ஒரு விஷயம் கவனிங்க. பெண்களுக்கு தொடையிடுக்குக்கு கொஞ்சம் கீழ, தொடை ரத்தக்குழாய் போற வழியில வர்ற தொடை ஹெர்னியா ஆண்களை விட அதிகம், வெளிய தடவிப் பாத்தா ரெண்டையும் பிரிச்சு சொல்றது கஷ்டம், அதே சமயம் குடல் மாட்டிக்கற ஆபத்து இதுலதான் அதிகம். அதனால பெண்களுக்கு தள்ளிப் போடாம பண்ணிடணும், முடிஞ்சா லேப்ராஸ்கோப்பியில பண்ணணும்னு 2018ல வந்த சர்வதேச வழிகாட்டிக் குறிப்பே சொல்லுது, உள்ள இருந்து பாக்கறப்போ ரெண்டு இடமும் ஒரே பார்வையில தெரியும், ஒட்டுத்துணி மாதிரி உள்ள வைக்கற ஒரே வலை (மெஷ்) ரெண்டையும் மூடிடும்.

எந்த வகையா இருந்தாலும் ஒண்ணு: வீக்கம் உள்ள போகாம கல்லு மாதிரி ஆகி, வலி ஏறிக்கிட்டே போய், வாந்தி வந்து, காத்தும் பிரியலன்னா, ஒப்பிட்டுப் பாக்கற வேலையெல்லாம் அங்கேயே நிறுத்திட்டு உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க. குடல் நெரிபட்டா சில மணி நேரத்துலயே ரத்த ஓட்டம் நின்னு அழுக ஆரம்பிச்சிடும், அப்போ எந்த முறைங்கறது கேள்வியே இல்ல.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்க

ஆபரேஷனுக்கு முன்னாடியே போடணும், இதுதான் முக்கியம், ஏன்னா பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க முன்னாடி எப்படி இருந்தோம்னு நமக்கே ஞாபகம் இருக்காது. ஹெர்னியா நோயாளிகளோட வாழ்க்கைத் தரத்தை அளக்கறதுக்குன்னே டாக்டருங்க சில கேள்வித்தாள் வெச்சிருக்காங்க. எஸ்எஃப்-36ன்னு ஒண்ணு இருக்கு, 36 கேள்வி, பொதுவான உடல்நலம் மனநலம் எல்லாம் கேக்கும், ஆனா அதுல ஒரு சிக்கல், உங்களுக்கு முட்டி வலி இருந்தாலும் மார்க் குறையும், ஹெர்னியாவாலயா முட்டியாலயான்னு அது பிரிச்சு சொல்லாது. அதனால ஹெர்னியாவுக்குன்னே தனியா பண்ணதுங்கள்ல கரோலைனாஸ் கம்ஃபர்ட் ஸ்கேல்னு ஒண்ணு வந்துச்சு, வலை வெச்சவங்களுக்காக உருவாக்கினது, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

அதுல எட்டு விஷயம் கேப்பாங்க: படுக்கறது, குனியறது, எழுந்து உக்கார்றது, அன்றாட வேலை, இருமறது இல்ல ஆழமா மூச்சு இழுக்கறது, நடக்கறது, படி ஏறறது, உடற்பயிற்சி. ஒவ்வொண்ணுக்கும் வலை உள்ள இருக்கற மாதிரி உணர்வு எவ்வளவு, வலி எவ்வளவு, அசைய முடியாம தடுக்கறது எவ்வளவுன்னு 0ல இருந்து 5 வரைக்கும் மார்க். படுக்கறதுக்கு மட்டும் அசைவு கேள்வி கிடையாது, அதனால மொத்தம் 23 கேள்வி, உச்சபட்ச மார்க் 115, எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. யூராஎச்எஸ்னு இன்னொண்ணு இருக்கு, அது 9 கேள்வியில முடிஞ்சிடும், வலி, கட்டுப்பாடு, பாக்க எப்படி இருக்குங்கற அழகு விஷயம் மூணையும் கேக்கும், ஆபரேஷனுக்கு முன்னாடியும் போட்டுப் பாக்கலாம்.

நீங்க அந்த கேள்வித்தாளையே தேடி எடுக்கணும்னு இல்ல. நோட்டுல இந்த எட்டையும் இடது பக்கம் எழுதி, பக்கத்துல வலி, தடங்கல்னு ரெண்டு கட்டம் போட்டு ஒரு வாரம் தினம் ராத்திரி மார்க் போடுங்க, உங்களுக்கு மட்டும் முக்கியமான ரெண்டு மூணு வேலையையும் சேத்துக்கோங்க, குழந்தையைத் தூக்கறது, வண்டி ஓட்டறது, எட்டு மணி நேரம் நின்னு வேலை பாக்கறது, தாம்பத்தியம், எதுவா இருந்தாலும் சரி. நான் ரெண்டாவது ஆபரேஷனுக்கு முன்னாடி எழுதினதுல படி ஏறறதுக்கு 0, நடக்கறதுக்கு 1, இருமறதுக்கு 3, சாயங்காலம் அரை மணி நேரம் தொடர்ந்து நின்னா 4ன்னு இருந்துச்சு. அதைப் பாத்ததும்தான் எனக்கே புரிஞ்சுது, நிக்கறதுதான் என் பிரச்சனை, அது வரைக்கும் டாக்டர்கிட்ட "சும்மா லேசா வலிக்குது"ன்னு மொட்டையா சொல்லிக்கிட்டு இருந்தேன்.

இந்த நோட்டுல எல்லாமே 0, 1ன்னு வந்தா?

அப்போ ஆபரேஷன் இப்பவே வேணுமாங்கறதே முதல் ஒப்பீடு. தொந்தரவே இல்லாத, இல்ல ரொம்ப கம்மியா இருக்கற தொடையிடுக்கு ஹெர்னியா உள்ள ஆண்கள் 720 பேரை வெச்சு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2006ல வெளிவந்துச்சு, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேரை கவனிச்சுக்கிட்டே காத்திருக்கச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா வலியால வேலை தடைபடறதுல ரெண்டு குரூப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, திடீர்னு குடல் மாட்டிக்கறது வருஷத்துக்கு 1000 பேர்ல 2 பேருக்கும் கம்மி. ஆனா காத்திருந்தவங்கள்ல 23 சதவீதம் பேர் ரெண்டு வருஷத்துக்குள்ளயே ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க, பத்து வருஷத்துல 68 சதவீதம், அதுக்கு அதிகம் பேர் சொன்ன காரணம் வலிதான். அதாவது தள்ளிப் போடலாம், தப்பு இல்ல, ஆனா பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாள் பண்ண வேண்டித்தான் வரும். இது ஆண்களோட தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு மட்டும், பெண்களுக்கும் தொடை ஹெர்னியாவுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

இதுல நான் ஒரு விஷயத்தை ரொம்ப அழுத்தி சொல்வேன். வலி அதிகமா இருக்கறவருக்கு ஆபரேஷன் பண்ணா இறங்கறதுக்கு இடம் இருக்கு, 4ல இருந்து 1க்கு வரும். வலியே இல்லாதவருக்கு 0ல இருந்து கீழ போக முடியாது, புதுசா ஒரு வலி வந்தா அது மொத்தமும் நஷ்டம்தான். அதனால "பக்கத்து வீட்டுக்காரர் பண்ணிக்கிட்டு சூப்பரா இருக்கார்"ங்கறது உங்களுக்கு பொருந்துமாங்கறது அவர் நோட்டுல முன்னாடி என்ன மார்க் இருந்திருக்கும்ங்கறதைப் பொறுத்தது.

முறைகள் உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு பாப்போம்

கிழிஞ்ச சட்டையை நினைச்சுக்கோங்க. ரெண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிச்சு தைக்கலாம், இல்ல ஒட்டுத்துணி வெச்சு தைக்கலாம், ஒட்டுத்துணியை வெளிப்பக்கமும் வைக்கலாம், உள்பக்கமும் வைக்கலாம். ஹெர்னியா ரிப்பேர் மொத்தமும் இதுக்குள்ள அடங்கிடும்.

இழுத்துத் தைக்கறதுதான் பழசு, இத்தாலியில பஸ்ஸினின்னு ஒரு சர்ஜன் 1880கள்ல ஆரம்பிச்சு வெச்சது, இழுவிசை இருக்கறதால வலியும் சரி, திரும்பப் பிரிஞ்சுக்கறதும் சரி, அதிகமா இருந்துச்சு. அதையே அடுக்கடுக்கா தைக்கற மாதிரி கனடாவுல ஷோல்டைஸ் முறையா மாத்தினாங்க, டொராண்டோ பக்கத்துல அதுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி 1945ல இருந்து நடக்குது, வலை வேணாம்னு சொல்றவங்களுக்கு தையல் முறைகள்லயே இதுதான் சிறந்ததுன்னு வழிகாட்டிக் குறிப்பு சொல்லுது. புனேவைச் சேர்ந்த டாக்டர் தேசர்தா 2001ல வெளியிட்ட முறையும் வலை இல்லாததுதான், அங்கேயே இருக்கற தசை உறையில இருந்து ஒரு பட்டையை எடுத்து பின்சுவரா தைச்சிடுவாங்க. வலை வேணாம்னு நினைக்கறதுல தப்பே இல்ல, ஆனா தையல் முறையை தினம் செய்யற கை கிடைக்கறது கஷ்டம், எப்பவாவது ஒண்ணு பண்றவர்கிட்ட போய் வலை இல்லாம பண்ணுங்கன்னு கேட்டா உங்களுக்குத்தான் ரிஸ்க்.

வெளிப்பக்கம் ஒட்டு வைக்கறது லிக்டென்ஸ்டைன் முறை, நம்ம ஆளுங்க ஓப்பன்னு சொல்றது இதைத்தான். தொடையிடுக்குல ஒரு வெட்டு, அது வழியா போய் இழுக்காம தளர்வா ஒரு பாலிப்ரொப்பிலீன் வலையைப் பரப்பி தைச்சிடுவாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல இர்விங் லிக்டென்ஸ்டைன் 1980கள்ல பரப்பினது, உலகத்துல அதிகமா நடக்கற முறைகள்ல ஒண்ணு. பெரிய நல்ல விஷயம், அந்த இடத்தை மட்டும் மரத்துப் போக வெச்சே பண்ணிடலாம், இதயம் நுரையீரல் பலவீனமா இருக்கறவங்களுக்கு இது வரப்பிரசாதம், முதுகுல ஊசி போட்டு பண்றதை விட சிறுநீர் அடைக்கற தொந்தரவும் கம்மி. கஷ்டம் எங்கன்னா, அந்த வழியில மூணு நரம்பு ஓடுது, வலையும் தையலும் அதுங்க பக்கத்துலயேதான் உக்காரும், நரம்பு ஒண்ணு வலையில ஒட்டிக்கிட்டாலோ தையல்ல மாட்டினாலோ மரத்துப் போறதும் எரிச்சலும் மாசக்கணக்குல இருக்கலாம். என் இடது பக்கக் கதை இதுதான், தழும்புக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு இன்னிக்கும் தொட்டா துணி மேல தொட்ட மாதிரிதான் இருக்கும்.

உள்பக்கம் ஒட்டு வைக்கறது லேப்ராஸ்கோப்பி. தொப்புள் பக்கத்துல ஒரு சின்ன வெட்டு, இன்னும் ரெண்டு சின்னத் துளை, கேமரா உள்ள போகும், 10க்கு 15 சென்டிமீட்டர் வலையை தசைக்குப் பின்னாடி விரிச்சிடுவாங்க, வயித்தோட அழுத்தமே அதை சுவரோட அழுத்திப் பிடிச்சுக்கும். இதுல ரெண்டு விதம், வயித்துக்குள்ள போய் வயித்தோட உள் உறையைத் திறந்து வலை வெச்சு திரும்ப மூடறது டேப் (TAPP), வயித்துக்குள்ளயே போகாம சுவருக்கும் உறைக்கும் நடுவுல இடம் பண்ணிக்கிட்டு வைக்கறது டெப் (TEP). இந்த ரெண்டுல எது உசத்தின்னு தலையைப் பிச்சுக்காதீங்க, முடிவுகள் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சர்ஜனுக்கு எது கைவந்ததோ அதையே பண்ணட்டும். பொதுவா முழு மயக்கம் குடுத்துதான் பண்ணுவாங்க. ரெண்டு பக்கமும் இருந்தா அதே மூணு துளையில முடிஞ்சிடும், முன்னாடி ஓப்பன் பண்ணி திரும்ப வந்திருந்தாலும் பழைய தழும்பைத் தொடாம பின்பக்கமா போகலாம். அதே மாதிரி முன்னாடி லேப்ராஸ்கோப்பி பண்ணி திரும்ப வந்தா ஓப்பன்ல போகணும். ப்ராஸ்டேட் ஆபரேஷன் மாதிரி அடிவயித்துல ஏற்கனவே கை வெச்சிருந்தா உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அவங்களுக்கும் பெரும்பாலும் ஓப்பன்தான் பாதுகாப்பு.

சர்ஜன் ரோபோ கையை இயக்கி பண்ற லேப்ராஸ்கோப்பி பத்தியும் கேக்கறாங்க. 2020ல வந்த ஆய்வுல 102 பேரை வெச்சு ரோபோவையும் சாதா லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டதுல நோயாளிக்கு கூடுதல் பலன் எதுவும் தெரியல, நேரமும் செலவும்தான் கூடுச்சு. தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு மட்டும்னா அதுக்காக அலைய வேண்டியதில்லங்கறது என் கருத்து.

நம்பரைப் படிக்கறப்போ எங்க ஏமாறுவோம்

மூணு நம்பர் தனித்தனியா பாக்கணும், திரும்ப வர்றது, நாள்பட்ட வலி, எவ்வளவு சீக்கிரம் வேலைக்கு போறது. இதுல நாள்பட்ட வலின்னா ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு மாசத்துக்கு மேல நீடிக்கறது. எல்லா முறையையும் சேத்துப் பாத்தா அன்றாட வேலையைத் தொந்தரவு பண்ற அளவு வலி 10ல இருந்து 12 சதவீதம் பேருக்கு இருக்கு, நாளாக நாளாக குறையும், வாழ்க்கையையே முடக்கற அளவு வலி 0.5ல இருந்து 6 சதவீதம் வரைக்கும். இந்த நம்பரைப் பாத்துட்டு பயப்படச் சொல்லல, இன்னிக்கு நல்ல கையில பண்ணா ஹெர்னியா திரும்ப வர்றதை விட வலி போகாம தங்கிடறதுதான் அதிகமா நடக்குது, ஆனா நாம எல்லாரும் கேக்கறது திரும்ப வருமாங்கறதை மட்டும்தான், அதைத்தான் சொல்ல வந்தேன்.

லேப்ராஸ்கோப்பியில முதல் வாரங்கள்ல வலி கம்மி, மரத்துப் போறது கம்மி, நாள்பட்ட வலியும் ஓப்பனை விட கம்மி, அனுபவம் உள்ள சர்ஜன் இருந்தா அதையே தேர்ந்தெடுக்கலாம்னு வழிகாட்டி சொல்லுது. அந்த "அனுபவம் உள்ள"ங்கற வார்த்தையிலதான் மொத்த விஷயமும் இருக்கு. 2004ல அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல நடந்த பெரிய ஆய்வுல ரெண்டு வருஷத்துல ஹெர்னியா திரும்ப வந்தது லேப்ராஸ்கோப்பியில 10.1 சதவீதம், ஓப்பன்ல 4.9 சதவீதம். பாத்தவுடனே ஓப்பன்தான் பெஸ்ட்னு தோணும். ஆனா 250க்கு மேல லேப்ராஸ்கோப்பி ஹெர்னியா பண்ணியிருந்த சர்ஜன்களை மட்டும் பிரிச்சுப் பாத்தா அவங்க கையில திரும்ப வர்றது 5 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடுச்சு. முறை அதேதான், கைதான் வேற. அதே ஆய்வுல லேப்ராஸ்கோப்பி பண்ணவங்க இயல்பு வேலைக்குத் திரும்பினது 1 நாள் முன்னாடி, அவ்வளவுதான், விளம்பரத்துல சொல்ற மாதிரி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்ல.

இன்னொண்ணு, எப்போ அளந்தாங்கன்னு பாருங்க. வாழ்க்கைத் தர மார்க்கை ரெண்டாவது வாரம் எடுத்தா லேப்ராஸ்கோப்பி நல்லா முன்னாடி நிக்கும், ஒரு வருஷம் கழிச்சு எடுத்தா ரெண்டு கோடும் கிட்ட கிட்ட வந்துடும். அந்த முதல் மாசம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு நீங்கதான் சொல்லணும், சின்னக் குழந்தை வெச்சிருக்கறவருக்கும் உடல் உழைப்பாலயே சம்பாதிக்கறவருக்கும் அந்த ஒரு மாசம் பெருசு, ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கற, மயக்கம் குடுக்கறதுல ரிஸ்க் இருக்கற பெரியவருக்கு அது பெருசே இல்ல.

சர்ஜன்கிட்ட கேக்க வேண்டியது

"இந்த முறையை நீங்க வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, இது வரைக்கும் எத்தனை"ன்னு கேளுங்க. கேக்க சங்கடமாத்தான் இருக்கும், நான் கேட்டப்போ என் குரல் கம்மிடுச்சு, ஆனா அவர் கோவிச்சுக்கல, நம்பரை சொன்னார், கூடவே ஓப்பன்ல எத்தனைன்னும் சொன்னார். நல்ல சர்ஜன் இந்தக் கேள்வியை எதிர்பாப்பார். அப்புறம், உங்க நோட்டைக் காட்டி "எனக்கு நிக்கறதுதான் பிரச்சனை, மூணு மாசம் கழிச்சு இது எப்படி இருக்கும்"னு கேளுங்க, "உங்ககிட்ட பண்ணவங்கள்ல எத்தனை பேர் வலின்னு திரும்ப வர்றாங்க"ன்னு கேளுங்க. ஓப்பன்னா மூணு நரம்பையும் அடையாளம் பாத்து காப்பாத்துவீங்களான்னு கேளுங்க, லேப்ராஸ்கோப்பின்னா வலையைப் பிடிக்க வைக்க உலோகப் பின் அடிப்பீங்களா, பசையா, ஒண்ணும் இல்லாமலயான்னு கேளுங்க. சின்ன ஓட்டைக்கு பெரும்பாலும் பின்னே தேவையில்ல, பெரிய ஓட்டை நடுப்பக்கம் இருந்தா வலை நகராம இருக்க பிடிக்க வைக்கணும், பின்னை நரம்பு ஓடற இடத்துல அடிச்சா அதுவே வலிக்கு காரணம் ஆகிடும். லேசான வலைன்னு தனியா விளம்பரம் பண்றதுக்கு மயங்காதீங்க, லேப்ராஸ்கோப்பியில லேசான வலையால வலி குறையும்னு நிரூபணம் ஆகல, ஓப்பன்ல ஆரம்பத்துல உறுத்தல் கொஞ்சம் குறையலாம்.

உங்க பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கு. வயசு கம்மின்னா, ஆபரேஷனுக்கு முன்னாடியே வலி அதிகம்னா, பெண்ணா இருந்தா, ஏற்கனவே பண்ணி திரும்ப வந்திருந்தா, நாள்பட்ட வலி வர்ற வாய்ப்பு கூடுதல், இதையெல்லாம் அவர்கிட்ட மறைக்காம சொன்னாத்தான் முறையை அதுக்குத் தகுந்த மாதிரி பாப்பார். சிகரெட் இருந்தா ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திடுங்க, நாள்பட்ட இருமலையும் மலச்சிக்கலையும் முன்னாடியே சரி பண்ணிக்கோங்க, முக்கறதும் இருமறதும் புதுத் தையலுக்கு எதிரி.

தொப்புள், பழைய தழும்பு ஹெர்னியாவுக்கு சுருக்கமா

தொப்புள் ஹெர்னியா சின்னதுதானே, தையல் மட்டும் போதும்னு நினைப்போம். 2018ல 300 பேரை வெச்சு 1ல இருந்து 4 சென்டிமீட்டர் வரைக்கும் உள்ள ஓட்டைகளைப் பாத்த ஆய்வுல தையல் மட்டும் போட்டவங்கள்ல 12 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துச்சு, வலை வெச்சவங்கள்ல 4 சதவீதம். ஆக 1 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா வலை பத்தி கட்டாயம் பேசுங்க. பழைய தழும்புல வர்றது இதை விட சிக்கலானது, ஓட்டையோட அகலம், உடல் எடை, சர்க்கரை, எத்தனை தடவை ஏற்கனவே திறந்திருக்காங்க எல்லாம் சேந்து முடிவு பண்ணும். அங்க கேக்க வேண்டிய முக்கியக் கேள்வி வலை எந்த அடுக்குல உக்காருதுங்கறது, குடலைத் தொடற மாதிரி உள்ள வைக்கறாங்களா, தசைக்குப் பின்னாடி வைக்கறாங்களா, உள்ள வைக்கறதுன்னா குடல் ஒட்டாத மாதிரி பூச்சு உள்ள வலை வேணும். இதை அடிக்கடி செய்யற இடமா பாத்துப் போறதுதான் நல்லது.

ஆபரேஷன் முடிஞ்ச அப்புறம் நோட்டைத் தொடருங்க

முதல் நாளே எழுந்து நடக்கச் சொல்வாங்க, நடங்க. எழுந்திரிக்கறப்போ நேரா எழுந்திரிக்காதீங்க, ஒருக்களிச்சு படுத்து, காலைக் கட்டில்ல இருந்து கீழ விட்டுட்டு, கையை ஊணி எழுந்திரிங்க. இருமல் வந்தா தலையணையை அந்த இடத்துல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க, நான் ரெண்டு தடவையும் பத்து நாளைக்கு தலையணை இல்லாம நகரவே இல்ல. விரைப்பை கருநீலமா கன்னிப் போய் வீங்கலாம், பாக்க பயமா இருக்கும், தானா வடியும். லேப்ராஸ்கோப்பிக்கு அப்புறம் பழைய இடத்துலயே திரும்ப உருண்டையா ஒண்ணு தெரிஞ்சா ஐயோ திரும்ப வந்துடுச்சுன்னு நினைப்பீங்க, பெரும்பாலும் அது அந்தக் காலி இடத்துல சேந்த நீர், ஆறேழு வாரத்துல வத்திடும், டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆனா நீங்களா ஊசி போட்டு எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க. காய்ச்சல், புண்ணுல சீழ், சிறுநீர் போகாம இருக்கறது, நிக்காத வாந்தி, இதுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது.

எப்போ வெயிட் தூக்கலாம்ங்கறதுல ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்வாங்க. தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு உடம்பு ஒத்துழைச்ச உடனே இயல்பு வேலையை ஆரம்பிக்கலாம்னுதான் வழிகாட்டி சொல்லுது, மாசக்கணக்குல படுத்தே கிடக்கணும்ங்கறது பழைய காலப் பேச்சு. ஆனா உங்க சர்ஜன் உள்ள என்ன பாத்தார்னு அவருக்குத்தான் தெரியும், அவர் நாலு வாரம்னா நாலு வாரம்.

மார்க்கை ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம், மூணு மாசம்னு போடுங்க, தினம் போட்டா சின்ன ஏத்த இறக்கத்துக்கெல்லாம் மனசு அல்லாடும். என் வலது பக்கத்துக்கு ரெண்டாவது வாரம் குனியறது 3, வலை உணர்வு 2, ஒரு மாசத்துல 1, மூணாவது மாசம் அரை மணி நேரம் நின்னப்போ 0. அந்த 4 எங்க போச்சுன்னே தெரியல, அன்னிக்கு ராத்திரி நோட்டுல அந்த 0 மேல ரெண்டு தடவை பேனாவை ஓட்டினேன்.

மூணு மாசத்துக்கு அப்புறமும் 3, 4ன்னு நிக்குதுன்னா, "ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, நான் ஏழு மாசம் அப்படி இருந்ததுதான் தப்பு. ஸ்கேன்ல திரும்ப வந்திருக்கா, வலை சுருண்டிருக்கான்னு பாப்பாங்க, நரம்பு வலி மாத்திரை, நரம்பைச் சுத்தி மரத்துப் போக வைக்கற ஊசின்னு படிப்படியா வழி இருக்கு, கடைசியா நரம்பை எடுக்கற ஆபரேஷனும் இருக்கு, அதை வலி சிகிச்சையில அனுபவம் உள்ளவங்கதான் பண்ணணும். அங்க போறப்போ முதல்ல கேக்கறது பழைய ஆபரேஷன்ல என்ன பண்ணாங்கங்கறதுதான். அதனால டிஸ்சார்ஜ் அன்னிக்கே, எந்த முறை, வலையோட பேர், அளவு, எதை வெச்சு பிடிக்க வெச்சாங்க, நரம்பை என்ன பண்ணாங்கன்னு எழுதின ஆபரேஷன் நோட்ஸ் காப்பியைக் கேட்டு வாங்கி உங்க நோட்டுக்குள்ளயே ஒட்டி வெச்சுக்கோங்க.